பியானோவும் ஒரு குரலும் மட்டும்: எந்தப் பாட்டை எடுப்பது? உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கோ

போன மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் நானும் என் சிநேகிதியும் ஒரு மணித்தியால நிகழ்ச்சி செய்தோம். அவள் பாட்டு, நான் பியானோ. மிருதங்கம் இல்லை, தபேலா இல்லை, ரிதம் போட்டுவிட்டு அதற்கு மேல் வாசிக்கிற வேலையும் இல்லை. வாசித்துப் பழகியதை விடப் பாட்டுத் தெரிவு செய்வதற்குத்தான் கூட நாள் போனது, முழுசாக ஆறு கிழமை. அவள் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதி முறையாகச் சங்கீதம் படித்தவள். நான் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துப் பழகி, பிறகு ட்ரினிட்டி கிரேட் பரீட்சைகளுக்காகப் பியானோ படித்த ஆள். இரண்டு பேருக்கும் பிடித்த 22 பாட்டுகளோடு தொடங்கினோம். கடைசியில் மேடைக்கு வந்தவை 9.

முதல் நாளே எடுத்தது ‘ராக்கம்மா கையத் தட்டு’. 1991இல் தளபதி வந்ததிலிருந்து இங்கே கலியாண வீடுகளில் அது கேட்காமல் இருந்ததில்லை, எனக்கும் உயிர். ஆனால் அந்தப் பாட்டு நிற்பதே தாளத்தின் மேல். அந்த மேளங்கள் செய்கிற வேலையை என் இடது கை செய்யப் பார்த்து இரண்டு நிமிடத்தில் மணிக்கட்டு வலித்ததுதான் மிச்சம், கேட்கவும் வெறுமையாக இருந்தது. சரி, விடுவோம் என்று நினைக்கும்போது நடுவில் ‘குனித்த புருவமும்’ வந்தது. அப்பருடைய தேவாரம். நான் ஒரேயொரு கோர்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கிற சில ஸ்வரங்களை, பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன், அவள் பாடினாள். குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அவளுடைய அம்மா கதவடியில் வந்து நின்று கேட்டார். அந்தப் பாட்டை அன்றோடு விட்டோம், தேவாரத்தை மட்டும் எடுத்து நிகழ்ச்சியின் முதல் உருப்படியாக வைத்தோம்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு வழக்கம் வந்தது. எந்தப் பாட்டானாலும் முதலில் பியானோவை மூடிவிட்டு, சுருதிப் பெட்டியும் இல்லாமல், அவள் பல்லவியை மட்டும் பாடுவாள். தொடர்ந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தால் அந்தப் பாட்டு உள்ளே, ‘இந்த இடத்தில் வயலின் வரும்’ என்று மனதுக்குள் நானே நிரப்பிக் கேட்டால் வெளியே. இப்படித்தான் பாதிப் பாட்டுகள் போயின, அதில் சிலதை விட எனக்கு மனமே வரவில்லை.

இன்னொரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் கஷ்டப்பட்டோம். பியானோவில் ஒரு கீயை அடித்தவுடன் சத்தம் தேயத் தொடங்கிவிடும், அடித்த ஸ்வரத்தை வளைக்கவும் முடியாது. ஸவுக்கும் ரிக்கும் நடுவில் வழுக்கிப் போக வழியே இல்லை. தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனை முயன்றோம். நான் வலது கையில் அவளுடைய மெட்டையே கூட வாசித்தேன். அவள் காந்தாரத்தை, அதாவது ‘க’ ஸ்வரத்தை, அசைத்துப் பாட நான் நேர் ஸ்வரத்தில் நிற்க, ஒரே நேரத்தில் இரண்டு பாட்டு ஓடுகிற மாதிரி இருந்தது. அவள் நிறுத்திவிட்டுச் சொன்னாள், “நீ என்னோட வராத. எனக்குக் கீழ நில்லு.” அன்றிலிருந்து மெட்டு அவளுடையது மட்டும், நான் கீழே ஆதார ஸ்வரமும் கோர்டும். தோடியை எடுக்கவேயில்லை. அதற்குப் பதிலாக முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் இரண்டு எடுத்தோம். ஆங்கிலேயரின் பாண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருத வரிகள் எழுதியவை, சங்கராபரண ராகத்தில் கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) அதிகம் இல்லாமல் நேராகப் போகும், மேல்நாட்டு மேஜர் ஸ்கேலும் அதே ஏழு ஸ்வரம்தான். ‘சியாமளே மீனாட்சி’ தொடங்கியதும் முன்வரிசையில் இருந்த பியானோ படிக்கிற பிள்ளைகள் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று கண்டுபிடித்துத் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சுருதியில் நான் ஒரு பிழை விட்டேன். அவள் பாடுகிற சுருதி 5½ கட்டை, அதாவது பியானோவில் ஜி ஷார்ப். எனக்கு ஜியில் வாசிப்பது லேசு என்பதால் 5 கட்டைக்கு இறங்கச் சொன்னேன். அரைக் கட்டைதானே என்று நினைத்தேன், ஆனால் கீழே போகிற இடங்களில் அவள் குரல் காற்றாகிவிட்டது. டிஜிட்டல் பியானோ என்றால் பொத்தானை அமத்திச் சுருதியை மாற்றலாம், மண்டபத்தில் இருந்தது மரப் பியானோ. கடைசியில் எல்லாவற்றையும் ஜி ஷார்ப்பிலேயே எழுதிப் பழகினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

சினிமாப் பாட்டுகளில் சரியாக அமைந்தது மூடுபனியில் வருகிற ‘என் இனிய பொன் நிலாவே’. 1980இல் ஜேசுதாஸ் பாடியது, கிட்டார் மேல் கட்டிய பாட்டு. கிட்டாரில் நரம்பு நரம்பாக உடைத்து வாசிப்பது பியானோவில் விரல்களுக்கு அப்படியே வந்துவிடும். இடையிசையை அப்படியே வாசிக்க முயலவில்லை, இளையராஜாவின் இடையிசையைப் பத்து விரலுக்குள் அடக்கப் பார்த்தால் கேட்கிறவருக்கு இல்லாததுதான் தெரியும். நான்கு பார் (தாளச் சுற்று) மட்டும் வைத்து, அதில் அவள் முனக, நேரே சரணத்துக்குப் போனோம். சரிவராமல் போனது ‘கண்ணே கலைமானே’. உருக்கமாக இருக்கட்டும் என்று வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டோம், இரண்டு சொல்லுக்கு நடுவில் பியானோச் சத்தம் தேய்ந்து முடிந்து மின்விசிறிச் சத்தம்தான் மண்டபம் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் விரைவாக எடுத்திருந்தால் நின்றிருக்கும்.

உங்களுக்கு எப்படி? பாடுகிறவர்களும் எழுதுங்கோ.

கொண்டாவில்காரி:

நான் பாடுகிற ஆள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பக்கவாத்தியம் நிறைய இருந்தால் சொல் கொஞ்சம் மங்கினாலும் தெரியாது. பியானோ மட்டும் என்றால் ழகரமும் ளகரமும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும், மூச்சு எடுப்பதும் கேட்கும். அதனால் நான் பாட்டைத் தெரிவதே வரிகளை வைத்துத்தான். முதலில் பாடாமல், ஒருவருக்குக் கதை சொல்வது போல வரிகளை வாசித்துப் பார்ப்பேன். ‘லாலலா’வை நம்பி நிற்கிற பாட்டு அப்போதே தெரிந்துவிடும்.

ஒருமுறை எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு 31ஆம் நாள் நினைவு நிகழ்வில் வேதநாயகம் சாஸ்திரியாரின் கிறிஸ்தவக் கீர்த்தனை ஒன்று பாடக் கேட்டார்கள். பியானோ வாசித்த தம்பி நல்ல கெட்டிக்காரன், ஆனால் ஆங்கிலப் பாமாலைக்கு வாசிப்பது போல ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு முழுக் கோர்ட் போட்டான். எனக்கு அசையவே இடமில்லை. இடைவேளையில் “தம்பி, ஸவும் பாவும் மட்டும் பிடி, நடு ஸ்வரத்தை எனக்கு விடு” என்று கேட்டேன். அவன் உடனே விளங்கிக்கொண்டான். கோர்டின் நடு ஸ்வரம்தான் அது மகிழ்ச்சியா துக்கமா என்று முடிவு செய்கிறது, அதை அவன் முந்திச் சொல்லிவிட்டால் பிறகு நான் பாடி என்ன சொல்வது? இரண்டாம் முறை பாடும்போது அந்த வீட்டு ஐயா கூடவே மெல்லப் பாடினார்.

பழைய அரியாலையான்:

எனக்கு வாசிக்கவும் தெரியாது, பாடவும் தெரியாது, கேட்கிற ஆள். முதலில் எழுதிய பிள்ளை பியானோவை மூடிவிட்டுப் பாடிப் பார்ப்போம் என்று சொன்னதை வாசித்ததும் 90களின் தொடக்கம் ஞாபகம் வந்தது. போர்க்காலம், பொருளாதாரத் தடை, கரண்ட் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் வயர் கொழுவி ஒருவர் மிதியைக் கையால் சுற்ற மற்றவர்கள் கேட்போம். சுற்றுகிறவர் களைத்தால் கசட்டில் பாட்டும் இழுபடும். சின்ன ஒரு ஸ்பீக்கர், அதில் பேஸ் கேட்காது, வயலின் கூட்டம் எல்லாம் ஒரு இரைச்சலாகத்தான் வரும். வந்தது குரலும் மெட்டும் மட்டும்.

இன்றைக்கும் முழுசாக எனக்குப் பாடமாக இருக்கிற பாட்டுகள் அப்படிக் கேட்டவைதான். நல்ல செட்டில் பிறகு கேட்டபோது, அட, இதில் இவ்வளவு வாத்தியம் இருந்ததா என்று நினைத்ததுண்டு. பிள்ளை, உங்களுக்குப் பாட்டுப் பட்டியல் வேண்டுமென்றால் எங்கள் வயது ஆட்களிடம், அப்போது டைனமோவில் கேட்ட எது இப்போதும் வாயில் வருகிறது என்று கேளுங்கோ.

முதலில் எழுதியவர்:

அண்ணை, நீங்கள் எழுதியதை என் சிநேகிதிக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அவளுடைய அம்மாவிடம் அன்றே கேட்டோம், யோசிக்காமல் ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’ என்றார், ஸ்ரீனிவாசும் சுசீலாவும் கப்பலோட்டிய தமிழனில் பாடியது. சொல்லிவிட்டு இரண்டு வரி பாடியும் காட்டினார். எங்களுடைய 22இல் அது இருக்கவேயில்லை. அடுத்த தடவைக்கு அதை எடுக்கிறோம், பாரதியின் வரி என்பதால் கொண்டாவில் அக்கா சொன்னது போல முதலில் வாசித்துப் பார்க்கப் போகிறாள்.

அக்கா, ஸவும் பாவும் மட்டும் பிடிக்கும்போது இடது கையில் கீழே வைப்பீர்களா, நடுவில் வைப்பீர்களா? நேற்றுக் கீழே வைத்துப் பார்த்தேன், அவள் குரலுக்குக் கொஞ்சம் பாரமாக இருந்தது.