புதுப்பிப்பு: கேம்பரின் முன் ஜாக்கிக்குச் சக்கரமா, தட்டைப் பாதமா?

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியான கேம்பர் டிரெய்லரின் முன் ஜாக்கிக்கு (முன்பக்கத்தைத் தூக்கித் தாங்கும் கால்) அடியில் சக்கரம் நல்லதா, தட்டைப் பாதமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றி மாட்டுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. வீட்டு சிமென்ட் தரையில் நகர்த்தச் சக்கரம், முகாமில் பாதம்.

ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்காவில் 3 இரவு தங்கினோம். மழையில் ஊறிய மண். முன்பு இப்படிப்பட்ட இடத்தில்தான் சக்கரம் புதைந்து வண்டி முன்பக்கம் சாய்ந்தது. இந்த முறை பாதம் மண்ணில் இறங்கவே இல்லை, உள்ளே நடக்கும்போது ஆட்டமும் குறைவு.

எதிர்பாராதது ஒன்று: சக்கரத்தைக் கழற்றியதும் ஜாக்கியின் உயரம் குறைந்து, கப்ளர் (கேம்பரின் முன்முனையில் உள்ள இணைப்பு) ஹிட்ச் பந்துக்கு (அது மாட்டும், காரின் பின்னால் உள்ள உருண்டை) மேலே எழவில்லை. பாதத்துக்கு அடியில் அகலமான மரக்கட்டை வைத்த பிறகுதான் சரியானது. அப்புறம், கேம்பரின் டயர்களுக்கு உருளாதபடி அடைகட்டை கொடுக்காமல் காரைக் கழற்றிவிடாதீர்கள். வண்டி உருண்டால் பாதம் கட்டையிலிருந்து நழுவிவிடும்.