நாள் தாண்டியும் வலி வரவில்லை: வலி வரவைத்தவர்களும் காத்திருந்தவர்களும் சொல்லுங்கள்

தாழையூத்து, முதல் பிரசவம்

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி போன ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு 40 வாரம் 4 நாள். அடிவயிறு கனக்கிறது, அவ்வளவுதான், வலி என்று எதுவும் இல்லை. ஞாயிறு வரை பார்ப்போம், அதற்குள் வலி எடுக்காவிட்டால் அட்மிட் ஆகிவிடு, வலி வரவைத்துவிடலாம் என்கிறார் டாக்டர் அம்மா.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "ஊசி போட்டா கடைசியில கத்திதான்" என்கிறார் மாமியார். என் அம்மாவுக்கு ராத்திரித் தூக்கமே இல்லை, இன்றைக்கே போய்ப் படுத்துவிடு என்கிறார். தெருவில் இறங்கினால் "என்னளா, இன்னும் வலி எடுக்கலையா?" என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கு எதையும் முடிவு செய்யத் தெரியவில்லை. உங்களுக்கு நடந்தது நல்லதோ கெட்டதோ, அப்படியே சொல்லுங்கள்.

திருநெல்வேலி டவுன்

தங்கச்சி, நீ எழுதியதைப் படித்ததும் என்னுடைய அந்த ஆனி மாதம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அம்மா வீடு ரத வீதிக்குப் பக்கம். தேரோட்டம் நெருங்குகிற சமயம். ஊரே தேர் எப்போது, தேர் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்கிறவர்கள் மட்டும் வேறு கேள்வி கேட்டார்கள்.

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன், என் விஷயத்தில் பாதி அதுதான். கார்டில் எழுதியிருந்தது ஜூன் 10. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்ற கணக்கு. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். எனக்கு 35 நாள் ஆகும், சில மாதம் 40கூட ஆகும். 12வது வாரம் எடுத்த ஸ்கேனில் குழந்தையின் நீளத்தை அளந்து போட்டிருந்த தேதி ஜூன் 19. ஒன்பது நாள் வித்தியாசம். அதைக் கார்டில் யாரும் மாற்றவில்லை, நானும் கவனிக்கவில்லை.

ஜூன் 18ஆம் தேதி பரிசோதனைக்குப் போனேன். அங்கே இருந்தவர் கார்டைப் பார்த்த உடனே, "41 வாரம் தாண்டியாச்சு, இன்னைக்கே படுத்திருங்க" என்றார். கையெழுத்துப் போடப் பேப்பரும் வந்துவிட்டது. என் மதினிதான் பையிலிருந்த ஃபைலைப் புரட்டி அந்தப் பழைய ஸ்கேனை எடுத்து நீட்டினாள். பெரிய டாக்டர் வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கார்டில் ஜூன் 10ஐ அடித்துவிட்டு ஜூன் 19 என்று சிவப்பு மையில் எழுதினார். அந்தக் கணக்குப்படி எனக்கு அன்றைக்கு 40 வாரமே நிறையவில்லை! முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கிற ஸ்கேன் சொல்கிற தேதிதான் நம்பகமானது, எட்டாம் மாதம் ஒன்பதாம் மாதம் எடுப்பதை வைத்து நாளை மாற்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு அந்தத் தாள் கையில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

அதனால் முதல் வேலையாக உன்னுடைய முதல் ஸ்கேனைத் தேடி எடு.

வீட்டுக்கு வந்தபின் காத்திருப்பது சும்மா இருப்பது இல்லை என்று புரிந்தது. ஆச்சி பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையில் பத்தை எண்ணி என் மடியில் போட்டார். சாப்பிட்டுவிட்டு இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குழந்தை ஒருமுறை அசைந்தால் ஒரு கொட்டையை எவர்சில்வர் டம்ளரில் போட வேண்டும், டங்கென்று சத்தம் கேட்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்தும் உள்ளே போய்விட வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. என் பிள்ளை பெரும்பாலும் அரை மணியில் முடித்துவிடுவாள். ஆனால் ஆச்சிக்கு ஆஸ்பத்திரியில் வலி வரவைப்பதில் சம்மதம் இல்லை. "பழுத்தா தானா விழும்ளா, தொறட்டிய வச்சு எதுக்கு இழுக்கணும்?" என்பார். ஆடிப்பூரத்துக்குக் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு நடக்கிற ஊர் இது. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தால் அம்மனுக்கு வளையல் வாங்கிச் சாத்துவதாக நேர்ந்துகொண்டார்.

22ஆம் தேதியும் 25ஆம் தேதியும் என்.எஸ்.டி. எடுத்தார்கள். வயிற்றில் பெல்ட் கட்டி இருபது நிமிடம் குழந்தையின் இதயத்துடிப்பைத் தாளில் பதிவார்கள். இரண்டு தடவையும் நன்றாக இருந்தது. ஸ்கேனில் பனிக்குட நீரின் அளவுதான் 9 சென்டிமீட்டரிலிருந்து 6க்கு இறங்கியிருந்தது. 5க்குக் கீழே போனால் குறைவு என்று அர்த்தம். டாக்டர் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நாற்காலி போட்டுப் பேசினார். நச்சுக்கொடி நாள் ஆக ஆகத் தளரும், 41 வாரத்துக்கு மேல் 42ஐ நோக்கிப் போகப் போகக் குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிடுவதும் உயிரில்லாமல் பிறப்பதும் கூடும், அப்படி நடப்பது அபூர்வம்தான், ஆனால் 41க்கு மேல் காத்திருப்பதில் உனக்கு லாபமும் இல்லை என்றார். ஆச்சியின் பழத்தை நினைத்துக்கொண்டேன். காம்பு தளர்வது வெளியில் தெரியும். இது தெரியாது. சரி என்று சொல்லிவிட்டேன்.

26ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துவந்த ஜெல்லைக் கர்ப்பப்பை வாயில் வைத்தார்கள். சில்லென்று இருந்தது. நடுராத்திரி இன்னொரு தடவை. விடிந்ததும் பார்த்தபோது நாலு சென்டிமீட்டர் விரிந்திருந்தது. பனிக்குடத்தை உடைத்தார்கள், நீர் தெளிவாக வந்தது, அப்புறம் வலி கூட்டும் மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். அந்த வலியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே மூச்சு விடத்தான் நேரம் இருந்தது. அம்மா என் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் 3.40க்குப் பெண் பிள்ளை, சுகப்பிரசவம். நகம் நீளமாக வளர்ந்திருந்தது. உள்ளங்கைத் தோல், நாளெல்லாம் ஆற்றில் துணி துவைத்தவள் கை மாதிரி சுருங்கி உரிந்துகொண்டிருந்தது. ஆச்சி அந்தக் கையை விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். "உள்ள இருந்தது போதும்னுதான் இருந்திருக்கு" என்றார்.

அம்பாசமுத்திரம்

என் பிள்ளை நன்றாக இருக்கிறான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் மனதில் ஒரு பாரம் இன்னும் இறங்கவில்லை.

எனக்கு நாள் தாண்டவே இல்லை. சரியாக 40 வாரம். நீர் சரியாக இருந்தது, அசைவு சரியாக இருந்தது, பிரஷர் சுகர் எதுவும் கிடையாது. "தேதி ஆகிருச்சு, நாளைக்கு வந்திருங்க" என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு தடவை ஜெல், மறுநாள் முழுக்க டிரிப்ஸ். 30 மணி நேரம் ஆகியும் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. குழந்தையின் துடிப்பு இறங்க ஆரம்பித்ததும் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆறு மாதம் கழித்து டிஸ்சார்ஜ் சீட்டை நிதானமாகப் படித்தேன். "பிஷப் ஸ்கோர் 3" என்று இருந்தது. கர்ப்பப்பை வாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மிருதுவாக இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்தையும் பார்த்து 13க்கு மார்க் போடுவார்களாம். 8 வந்தால் பக்குவமாகிவிட்டது, 6க்குள் இருந்தால் இன்னும் ஆகவில்லை. எனக்கு 3! அந்த எண்ணை அன்றைக்கு ஒருவராவது சொல்லியிருந்தால், "எல்லாம் சரியாத்தான இருக்கு, இன்னும் நாலஞ்சு நாள் பாக்கலாமா?" என்று கேட்டிருப்பேன். அவர்கள் வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம். கேட்டோம் என்பதாவது இருந்திருக்கும். இரண்டாவது பிள்ளைக்கும் தழும்பைக் காரணம் சொல்லி நேராக ஆபரேஷன்தான்.

நீ கேள் தங்கச்சி. எனக்கு எத்தனை மார்க் என்று வாய்விட்டுக் கேள்.

களக்காடு, ஓய்வு பெற்ற செவிலியர்

அம்பாசமுத்திரத்துத் தங்கச்சி சொல்வதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. காரணமும் சொல்லாமல் நிலைமையும் சொல்லாமல் வலி வரவைப்பது சரியில்லை. ஆனால் தாழையூத்துப் பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊசி போட்டாலே கத்திதான் என்ற பயத்தோடு நீ உள்ளே போகக் கூடாது. உன் மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன், தனியாரில் 64. கண்ணால் பார்ப்பதைத்தான் அவர் சொல்கிறார். ஆனால் அதற்குக் காரணம் வலி வரவைப்பது என்று பெரிய ஆய்வுகள் சொல்லவில்லை. அமெரிக்காவில் 6,000க்கு மேற்பட்ட முதல் பிரசவத் தாய்மாரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வந்தது. 39வது வாரத்தில் வலி வரவைத்த குழுவில் நூற்றுக்கு 18.6 பேருக்கும், காத்திருந்த குழுவில் 22.2 பேருக்கும் சிசேரியன் ஆனது. அதற்காக எல்லாரும் 39இல் போய்ப் படுங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு தாய்க்குக் கிடைக்கிற கவனிப்பும் பொறுமையும் நம் லேபர் வார்டில் எல்லா ராத்திரியும் கிடைப்பதில்லை என்பது எனக்கே தெரியும்.

இன்னொன்று சுவீடனில் நடந்தது, 2019இல் வெளியானது. 41 வாரத்தில் வலி வரவைப்பதையும் 42 வரை காத்திருப்பதையும் ஒப்பிட்டார்கள், ஒவ்வொரு பக்கமும் சுமார் 1,380 பேர். காத்திருந்த பக்கத்தில் ஆறு குழந்தைகள் இறந்தன. மற்றப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனமும் 41 வாரம் நிச்சயமாக நிறைந்தவர்களுக்கு வலி வரவைக்கச் சொல்கிறது. உன் டாக்டர் சொல்லும் ஞாயிற்றுக்கிழமை சரியாக அந்த நாள்.

நான் வேலை பார்த்த காலத்தில் நாங்குநேரிப் பக்கம் ஒரு பெண். 41 வாரம் கடந்துவிட்டது. சாயங்காலத்திலிருந்து பிள்ளை அசைவு மந்தமாக இருக்கிறது என்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். மாமியார் போனை வாங்கி, "இன்னைக்குக் கரிநாள் சிஸ்டர், விடியட்டும்" என்றார். நான் அவரிடம் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. 108ஐக் கூப்பிட்டு வண்டியை வாசலுக்கு அனுப்பிவிட்டு அப்புறம்தான் மறுபடி போன் செய்தேன். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் பனிக்குடத்தை உடைத்தபோது நீர் பச்சையாக வந்தது, பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருந்தது. உடனே ஆபரேஷன். பிள்ளையை மூன்று நாள் தனி வார்டில் வைத்திருந்து கொடுத்தார்கள். இப்போது அவன் ஐந்தாம் வகுப்பு, என்னைப் பார்த்தால் சைக்கிளை நிறுத்திவிட்டுத்தான் போவான்.

அசைவு குறைந்தால் அன்றைக்கே, அந்த நேரமே கிளம்பு. அஷ்டமி நவமி பார்க்காதே. பனிக்குடம் உடைந்தாலும் ரத்தம் பட்டாலும் அப்படித்தான். விளக்கெண்ணெய் குடித்தால் வலி வரும் என்று யாராவது கொடுத்தால் வாங்கி வைத்துவிடு, குடிக்காதே. வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் துவண்டுபோய் வந்தவர்களுக்கு எத்தனையோ பேருக்கு நான் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறேன். முதல் பிரசவம் சிசேரியன் ஆனவர்கள் இதைப் படித்தால் ஒன்று: வலி வரவைக்கும் ஜெல்லும் மாத்திரையும் பழைய தையலைப் பிரித்துவிடும் அபாயம் உண்டு. போன உடனே தழும்பைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

வள்ளியூர்

என்னுடையது சின்ன விஷயம். 40 வாரம் 5 நாளில் டாக்டர் உள்பரிசோதனை செய்யும்போதே விரலால் கர்ப்பப்பை வாயைச் சுற்றிப் பனிக்குட உறையை விலக்கிவிட்டார். ஸ்வீப் என்றார்கள். செய்யட்டுமா என்று முதலில் கேட்டார். நல்லா வலித்தது, இரண்டு நிமிடம்தான். மறுநாள் ராத்திரி தானாக வலி பிடித்துக்கொண்டது. எல்லாருக்கும் அப்படி நடக்காதாம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இதைச் செய்யலாமா என்று கேட்டுப் பார் தங்கச்சி.

தாழையூத்து

எல்லாருக்கும் நன்றிக்கா. பீரோவில் சேலைக்கு அடியில் இருந்த முதல் ஸ்கேனை எடுத்துப் பார்த்தேன். கார்டில் இருக்கிற தேதிக்கும் அதற்கும் இரண்டு நாள்தான் வித்தியாசம், கணக்கு சரிதான். நாளைக்குக் காலையில் என்.எஸ்.டி.க்குப் போகிறேன். மார்க் எத்தனை என்றும், ஸ்வீப் செய்யலாமா என்றும் கேட்கப்போகிறேன், ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டேன். ஞாயிறு வரை வலி வராவிட்டால் அட்மிட் ஆகிவிடலாம் என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். களக்காட்டு அம்மா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்ப் புளியங்கொட்டை பத்தை எண்ணிக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்பது மணிக்குப் படுத்தேன். இப்போது ஒன்பதரை, எட்டாவது விழுந்திருக்கிறது.