புதுப்பிப்பு: அந்த மிரோ தாள் அசல் லித்தோகிராஃப்தான்

புதுச்சேரி பழைய சாமான் கடையில் பார்த்த, ஸ்பெயின் ஓவியர் மிரோவின் படத்தாள் அசல் லித்தோகிராஃபா (கல்லிலோ தகட்டிலோ வரைந்து, அதிலிருந்து அச்சிட்ட படம்), வெறும் போஸ்டரா என்று கேட்டிருந்தேன் இல்லையா? நீங்கள் சொன்னபடி 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் (சிறு உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தாச்சு. போஸ்டர்களுக்கான ஆஃப்செட் இயந்திர அச்சில் தெரியும் புள்ளிக் கோலம் எங்குமே இல்லை. சிவப்பு முழுக்க ஒழுங்கில்லாத மணல்மணலான பரப்பு. கறுப்பு தனி மையாக அதன் மேல் ஏறியிருக்கிறது. என்ன அழகு!

நடுவில் மடிப்பு இருக்கிறது, கையெழுத்து இல்லை என்று சிலர் தயங்கினீர்கள். பாரீஸில் மாக் கேலரி 1946 முதல் 1982 வரை வெளியிட்ட 'தெரியேர் லெ மிருவார்' கலை இதழின் இரட்டைப் பக்கத் தாள்கள் அப்படித்தான் வந்தன. வாங்கிவிட்டேன்.

நம்மூர் கடற்காற்று ஈரம் பொல்லாதது. அமிலமில்லாத மவுண்ட் (படத்தைத் தாங்கும் அட்டை), கண்ணாடி தாளைத் தொடாத இடைவெளி, வெயில் படாத சுவர். பசை மட்டும் கூடவே கூடாது என்று ஃப்ரேம் போடும் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.