கல்லாவுல கைவச்ச பையன்ட்ட நேர்ல பேச வழி இருக்கா?

செல்லூர்ல நம்ம டீக்கடை கல்லாவுல 3,000 எடுத்துட்டான், பக்கத்துத் தெரு பய, 16 வயசு. கேஸ் குடுத்தாச்சு. இப்ப அவங்கம்மா தினம் வந்து வாசல்ல நிக்குது, அவன் ஜெயிலுக்குப் போறதெல்லாம் எனக்கு வேணாம்ணே, ஏன்டா எடுத்தன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கணும், அம்புட்டுதான்.

பதில்: இந்த வயசுக்கு, இந்தத் திருட்டுக்கு ஜெயிலே கிடையாது தம்பி. 18 வயசு ஆகாத பசங்க கேஸ விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமம்தான். 2015 இளைஞர் நீதிச் சட்டம் 18வது பிரிவுல புத்தி சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யவும் சொல்லலாம். உங்க விருப்பத்த அங்கயே சொல்லுங்க.

பதில்: கட்டப்பஞ்சாயத்துக்கு மட்டும் போயிராதீங்க, ரெண்டு பக்கமும் காசு புடுங்குவாய்ங்க.

பதில்: நியூசிலாந்துல 1989லயே சட்டம் போட்டாய்ங்க. பையன், குடும்பம், இஷ்டப்பட்டா பறிகுடுத்தவரும் ஒண்ணா உக்காந்து எப்படி ஈடுகட்டுறதுன்னு பேசுவாய்ங்க. நீங்க கேக்குறது அதான்.

நன்றிண்ணே. நேத்து அந்தம்மா 500 ரூவாய மடிச்சுக் கொண்டாந்துச்சு. நான் வாங்கல.