பாய்லர் வேலை தெரிந்தவர்களே, ‘லேகிங்’ என்பதை எப்படிச் சொல்கிறீர்கள்?

வணக்கம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்காகப் பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆங்கில மூலத்தில் ‘லேகிங்’ இரண்டு பொருளில் வருகிறது. மோட்டார் பகுதியில், மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருவது. அங்கே ‘பின்தங்கு திறன் காரணி’ (லேகிங் பவர் ஃபேக்டர்) என்று போட்டுவிட்டேன். கெப்பாசிட்டர் பேனல் பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்குப் புரியும்.

சிக்கல் நீராவிக் குழாயில்தான். 10 கிலோ பிரஷரில் உள்ளே ஓடும் நீராவி 180 டிகிரிக்கு மேல். ராக்வூல் என்ற கனிமப் பஞ்சைச் சுற்றி, கம்பி கட்டி, மேலே அலுமினியத் தகடு போர்த்தியிருப்பார்களே, அதுவும் லேகிங். (இது பீப்பாய்ப் பலகையின் பெயரிலிருந்து வந்த வேறு சொல். பழைய பாய்லர்களைச் சுற்றிப் பலகைதான் அடித்தார்கள்.)

‘வெப்பக் காப்பு’ சரியான சொல்தான். ஆனால் “வெப்பக் காப்பு பிரிந்த இடத்தில் கை வைக்காதீர்கள்” என்றால் இரவு ஷிப்டில் விறகு தள்ளுகிறவருக்கு உடனே உறைக்குமா? குழாய்கள் போல்ட் போட்டு இணையும் ஃபிளாஞ்ச் பக்கம் தகடு கழன்று பஞ்சு தொங்கும் இடத்தில்தான் கை வெந்துபோகிறது. பழைய ஆலைகளில் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிய்க்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் இதே சொல்லை நம்பித்தான் நிற்கிறது.

நெய்வேலி, எண்ணூர், சர்க்கரை ஆலை, காகித ஆலை என்று எங்கே வேலை பார்த்திருந்தாலும் சரி: அங்கே ஃபிட்டரும் ஹெல்பரும் வாயால் சொல்வது என்ன? ஊரையும் வேலையையும் சேர்த்து எழுதுங்கள். லேகிங் கான்ட்ராக்ட் எடுப்பவர்கள் யாராவது தெரிந்தால் அவர்களிடமும் கேட்டுச் சொல்லுங்கள். நன்றி.