போகிப் புகையில மாட்டின பையன்: கட்டவுட் அனிமேஷன்ல புகை வரவைக்கிறது எப்படி?

கல்மண்டபம்:
தண்டையார்பேட்டைப் பசங்களோட பயம் பத்தி ஒரு நிமிஷ அனிமேஷன் பண்றோம். போகி விடியக்காலை, புகையும் பனியும் சேர்ந்து சந்தே தெரியல, நடுவுல ஒரு பையன். அட்டையில வெட்டின உருவங்களைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, மேலேர்ந்து மொபைல்ல படம் படமா எடுக்கிறோம். எடிட்டிங்ல சேர்க்கிற புகை படத்தோட ஒட்டவே மாட்டேங்குது. கையால பண்ண வழி இருக்கா?

கண்ணாடித்தட்டு:
இருக்கு ப்ரோ. ரஷ்ய அனிமேஷன் இயக்குநர் யூரி நார்ஸ்டைனோட 'ஹெட்ஜ்ஹாக் இன் தி ஃபாக்' (1975) பாருங்க, பத்து நிமிஷம்தான். 2003ல டோக்கியோ லபுடா அனிமேஷன் விழாவுல நடந்த சிறந்த அனிமேஷன் படங்களோட தேர்வுல முதலிடம் வந்த படம். அதுல பனி வெறும் மெல்லிசுத் தாள். உருவத்து மேல விரிச்சு, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் கேமரா பக்கமா தூக்கினாங்க. தாள் ஒட்டி இருக்கறப்ப உருவம் தெரியும், விலக விலக வெள்ளையில கரைஞ்சிடும்.

உங்களுக்கு 5 மி.மீ. கண்ணாடி ரெண்டு போதும், நடுவுல 8 செ.மீ. இடைவெளி. கீழ சந்து, மேல பையன். பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல ட்ரேசிங் தாள்லயே மெல்லிசா கேளுங்க. கெட்டித் தாள்னா தூக்க ஆரம்பிச்சதுமே பையன் காணாமப் போயிடுவான். சட்டத்துல இழுத்து ஒட்டி, நாலு மூலைக்கும் 1 மி.மீ. அட்டையா அடுக்கி, படத்துக்கு ஒண்ணு ஏத்துங்க. நொடிக்கு 12 படம்னா 4 நொடியில 4.8 செ.மீ. ஏறும். விளக்கு தாளுக்குக் கீழ பக்கவாட்டுல இருக்கட்டும். மேலேர்ந்து அடிச்சா தாள்தான் வெளுக்கும்.

லைட்பாய்:
ஃபோகஸைப் பையன் மேல வெச்சு லாக் பண்ணுங்க, இல்லன்னா மொபைல் தாளைத் தேடி ஓடும். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), வெள்ளைச் சமநிலை (நிறச் சாயல்) ரெண்டையும் லாக் பண்ணுங்க. ஷட்டர் வேகம் 1/25 நொடி வைங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுங்கும், அதுக்கு ஒத்துவராத வேகத்துல படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும். ட்ரேசிங் தாள் கடற்கரை ஈரக்காத்துல நெளிஞ்சிடும், அதனால அந்த ஷாட்டை ஒரே மூச்சுல முடிங்க. ஃபேன் வேணாம். கண்ணாடியில மொபைல் பிம்பம் விழாம இருக்க, லென்ஸுக்கு ஓட்டை போட்ட கறுப்பு சார்ட்டை மொபைலுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல கட்டுங்க.

மேளக்காரன்:
புகை மட்டும் பயமுறுத்தாது ப்ரோ, பையன் நிக்கிற விதம்தான் முக்கியம். ஒரு காலடிக்கு 6 படம்னு நடக்கட்டும். சத்தம் கேட்டதும் 18 படம் உடம்பு அசையவே கூடாது. அப்புறம் கண்மணி மட்டும் 2 படத்துல திரும்பணும், தலை அதுக்குப் பின்னாடி. ரெண்டும் சேர்ந்து திரும்பினா பயம் போய் வேடிக்கை பாக்கிற மாதிரி ஆயிடும்.

கல்மண்டபம்:
சூப்பர். அந்த இடத்துல போகி மேளத்தை நிறுத்திடவா?

மேளக்காரன்:
முழுசா வேணாம். அடிக்கு அப்புறம் நீளுற அதிர்வை வெட்டி, மேளத்துல அடி விழற சத்தத்தை மட்டும் இடது காதுல சன்னமா விடுங்க. மேளம் எந்தப் பக்கம்னு பையனுக்குத் தெரியணும், போக வழிதான் தெரியக் கூடாது.