மதங்களும் மரணமும்: படித்ததற்கும் பார்த்ததற்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதுங்கள்

ராத்திரி டியூட்டி:
செவிலியர் படிப்பில் எங்களுக்கு ஒரு அட்டவணை கொடுத்தார்கள். இந்தப் பாடம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். இடது ஓரத்தில் மதத்தின் பெயர், அதற்கு நேராக உணவு, ரத்தம், கடைசி நேரம், உடலை யார் தொடலாம். ஆறு மதம், ஒரே பக்கம். தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன்.

வார்டில் ஒரு முஸ்லிம் பெரியவர். நுரையீரல் புற்றுநோய், இனி செய்ய ஒன்றுமில்லை என்று முடிவாகிவிட்டது. வீட்டார் காலையில்தான் வருவார்கள். நடுராத்திரிக்கு மேல் மூச்சு மாற ஆரம்பித்தது. எனக்கு அந்தக் கட்டம் அப்படியே கண்முன் வந்தது: 'முகம் கிப்லா பக்கம்', அதாவது தொழும்போது நோக்கும் மக்கா திசை. போனில் திசை பார்த்து, உதவியாளரைக் கூப்பிட்டு, ஆக்சிஜன் குழாய் இழுபடாமல் கட்டிலையே மெல்லத் திருப்பினோம். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

அவர் கண்ணைத் திறந்தார். எதிரே சுவர். "ஜன்னல் எங்கேம்மா?" என்றார். இது கிப்லா என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியும்மா. ஜன்னல் பக்கம் திருப்பு."

திருப்பினோம். விடிவதற்குள் போய்விட்டார். காலையில் வந்த மகன் கட்டில் கிடந்த திசையைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?

எண்ணெய்ச்சிமிழ்:
நான் மாட்டிக்கொண்டது வேறு மாதிரி. பாதிரியாராகப் படிக்கும் குருமடத்தில் இருந்தபோது (பிறகு வெளியே வந்துவிட்டேன், அது தனிக்கதை) பங்குத்தந்தையோடு நோயாளிகளைப் பார்க்கப் போவேன். இடுப்பு எலும்பு அறுவைக்குக் காத்திருந்த ஒரு வயதான அம்மா. தந்தை எண்ணெய்ச் சிமிழை வெளியே எடுத்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஃபாதர், டாக்டர் என்கிட்ட எதையாவது மறைக்கிறாரா?"

அவர் சிறுமியாக இருந்த காலத்தில் அதற்குப் பெயர் அவஸ்தைப்பூசுதல். பூசினால் ஆள் போகப்போகிறார் என்று அர்த்தம். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) அந்தப் பார்வையை மாற்றியது; 1972-இல் புதிய சடங்குமுறை வந்தது; பெயரும் நோயில்பூசுதல் என்றானது. பெரிய அறுவைக்கு முன்னால் பெறலாம், முதுமையில் தளர்ந்தவர் பெறலாம், ஒரு தடவைக்கு மேலும் பெறலாம். இத்தனையையும் நான் அவருக்கு விளக்கினேன். பைபிளில் யாக்கோபு 5:14 வரைக்கும் போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி. ஆனா எங்க அம்மாவுக்குப் பூசி அரை மணி நேரத்துல போயிட்டாங்க" என்றார்.

தந்தை சிமிழை மூடிப் பைக்குள் வைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரோடு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் சேர்ந்து சொல்லவில்லை. விளக்குவதற்கு இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சஃபர்:
ராத்திரி டியூட்டி சகோதரிக்கு ஒரு திருத்தம். கடைசி நேரத்தில் கிப்லா பக்கம் திருப்புவது விரும்பத்தக்கது. நோயாளிக்குச் சிரமமென்றால் இருக்கிறபடியே விட்டுவிடலாம் என்று எங்களுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாத் சேர்த்தே சொல்வார். உங்கள் அட்டவணை முதல் பாதியோடு நின்றுவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே இறைவனின் முகம் இருக்கிறது என்று குர்ஆனிலேயே (2:115) வருகிறதே. மகனிடம் தாராளமாகச் சொல்லியிருக்கலாம்.

என் விஷயம் சின்னது. ஜனாஸா பாடம், அதாவது இறந்தவருக்குச் செய்யும் கடைசிக் கடமைகள், எனக்கு மனப்பாடம். வலப்பக்கம் முதலில், ஒற்றைப்படையாகக் கழுவ வேண்டும், கபன் என்கிற சவத்துணி ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து. முதன்முதலாக மையித்தை (இறந்தவர் உடலை) குளிப்பாட்ட நின்றபோது கை உதறியது. கூட இருந்த பெரியவர் வாளித் தண்ணீரைத் தன் மணிக்கட்டில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார், குழந்தையைக் குளிப்பாட்டும் முன் பார்ப்பது போல. "சூடு ஜாஸ்தியா இருக்கு, பச்சத்தண்ணி கலங்க" என்றார்.

கலந்தேன். மறுபடி ஊற்றிப் பார்த்தார். தலையாட்டினார்.

கேட்டுப்பாருங்க:
எல்லோரும் செய்திருப்பது ஒரே தவறுதான்: நோயாளியைக் கேட்கவில்லை. நான் மருந்தாளுநர். ஒருவர் மூன்று வாரமாகக் கேப்ஸ்யூலைப் போடவே இல்லை. உறை ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுத்ததா, மாட்டிலிருந்து எடுத்ததா என்று கேட்க அவருக்குக் கூச்சம். என் கதை அவ்வளவுதான்.

இனிமேல் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இதைக் கவனியுங்கள். 'உங்கள் மதம் என்ன' என்று கேட்டு நிறுத்தாதீர்கள், 'சிகிச்சையில் உங்களுக்கு ஒத்துவராதது ஏதாவது உண்டா' என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெபரின் ஊசி பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்துதான் வருகிறது, சிலருக்கு அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நோன்பு விஷயத்தில் நோயாளிக்கு விலக்கு உண்டு (குர்ஆன் 2:185). யூத மதத்திலும் உயிரைக் காப்பது ஓய்வுநாளையும் யோம் கிப்பூர் நோன்பையும் மீறும். ஆனால் விலக்கு இருக்கிறது என்று நீங்கள் வாதாடினால், அவர்கள் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நோன்பு பிடிப்பார்கள், இன்சுலின் அளவை மட்டும் உங்களிடம் கேட்க மாட்டார்கள். அப்புறம், யெகோவாவின் சாட்சிகள் (ரத்தம் ஏற்றிக்கொள்ள மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினர்) என்றால் 'ரத்தம் வேண்டாம்' என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். முழு ரத்தம், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா இவற்றைத்தான் மறுப்பார்கள். ஆல்புமின், உறைதல் காரணிகள் போன்றவை அவரவர் மனசாட்சிக்கு விட்டது. ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். மூளைச்சாவு இன்னும் சிக்கல். ஹார்வர்டு மருத்துவக் குழு 1968-இல் வரையறை கொடுத்தது, இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) பேரவை 1986-இல் அம்மானில் கூடி ஏற்றுக்கொண்டது, மரபுவழி யூத அறிஞர்களுக்குள் இன்றுவரை கருத்து வேறுபாடு. குடும்பம் அழுதுகொண்டிருக்கும்போது இதைப் பேச ஆரம்பிக்காதீர்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில்

(நீளமாகிவிட்டது, மீதியை அப்புறம் எழுதுகிறேன்)

ராத்திரி டியூட்டி:
ஐயா, நான் யோசனை கேட்கவில்லை. மகனிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

மயக்கவியல்:
கேட்டுப்பாருங்க அவர்களுக்கு: தனியாகக் கேளுங்கள் என்று எழுதுவது சுலபம். யெகோவாவின் சாட்சியான ஒரு பெண்ணிடம் ரத்தம் ஏற்றலாமா என்று நாங்கள் கேட்டோம். கணவரை வெளியே அனுப்பிவிட்டு மூன்று தடவை கேட்டோம். மூன்றாவது தடவை அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல் ரெண்டு தடவை நான் சொன்னது காதுல விழலையா டாக்டர்?" ரத்தத்தை விலக்கச் சொல்லும் பைபிள் வசனம், அப்போஸ்தலர் 15:29-ஐ எடுத்து நீட்டினார். அதை வேறு விதமாகவும் படிக்கலாம் என்பது எனக்குத் தெரியும், பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். சொல்லவில்லை. அது என் வேலையில்லை.

அறுவை நடுவில் ரத்தப்போக்கு. ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ரத்த வங்கி ஒரு தளம் கீழே. தலைமை மருத்துவர் மானிட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். யாரும் எதுவும் பேசவில்லை. கொடுக்கவும் இல்லை. எப்படியோ தாங்கிவிட்டார்.

மறுநாள் தொண்டைக் குழாயை எடுத்ததும் கரகரத்த குரலில் முதல் வார்த்தை: "குடுத்துட்டீங்களா?" பிழைத்தேனா என்று கேட்கவில்லை. இல்லை என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார், பொய்யா என்று தேடுகிற மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடுகு:
நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. மதங்களின் ஒப்பீடு பாடம் நடத்துகிறவன். கிசா கோதமி கதையை வருடா வருடம் சொல்வேன். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வருகிறாள், சாவே நுழையாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்கிறார் புத்தர். வீடு வீடாகப் போகிறாள், கடுகு எல்லா வீட்டிலும் இருக்கிறது, சாவும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. புரிந்துகொள்கிறாள். வகுப்பு எப்போதும் இந்த இடத்தில் அமைதியாகிவிடும், எனக்கும் அது பிடிக்கும்.

ஒரு வருடம் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "எத்தனை வீடு சார்?"

புரியவில்லை என்றேன்.

"எத்தனாவது வீட்டுல புரிஞ்சுது அவளுக்கு?"

எண் எதுவும் பாடத்தில் இல்லை. கதையின் கருத்துதான் முக்கியம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனேன். அவள் தங்கை இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று வகுப்பு முடிந்த பிறகு இன்னொருத்தி சொன்னாள். ஓடிப்போய்ப் பார்த்தேன், போய்விட்டிருந்தாள். அடுத்த வகுப்புக்கு வந்தாள், முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், எதுவும் கேட்கவில்லை.

சஃபர்:
சகோதரி, ஒன்று கேட்கட்டுமா? ராத்திரி நேரம். ஜன்னலுக்கு வெளியே அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?

ராத்திரி டியூட்டி:
நானும் குனிந்து பார்த்தேன். எதிர்க் கட்டடத்தின் மாடிப்படி தெரிந்தது. தளத்துக்கு ஒரு குழல்விளக்கு. மூன்றாவது தளத்து விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.